நகமும் சதையும்: வயலின் தந்தியில் கிற்றார்க் கலைஞரின் விரல்

பிரிக்க முடியாத நண்பர்களை ‘நகமும் சதையும் போல’ இருக்கின்றனர் என்று கூறுவது தமிழ் வழக்கு. ஆயினும், விரலால் தந்தியைத் தெறித்து இசை எழுப்பும் கலைஞரிடையே இவ்விரண்டும் நானூறு ஆண்டுகளாக ஒன்றையொன்று எதிர்த்து வழக்காடி வந்திருக்கின்றன. நகத்தால் மீட்டுவதே தெளிவு என்பர் ஒரு சாரார். விரல்நுனிச் சதையால் மீட்டுவதே இனிமை என்பர் மறு சாரார். இந்த வழக்கு சில வேளைகளில் ஒரே மனிதரின் ஒரே கையில் வந்து நிற்பதும் உண்டு. மேலைநாட்டுச் செந்நெறிக் கிற்றாரைப் பயின்று, அதன் பொருட்டு வலக்கை நகங்களை வளர்த்துப் பேணி வரும் ஒருவர், வயலினையும் கையில் எடுப்பாராயின் அவருக்கு நேர்வது அந்நிலையே. வில்லால் வாசிக்கும் வரை ஓரளவு சமாளித்து விடுவார். வில்லை ஒதுக்கித் தந்தியை விரலால் தெறிக்குமாறு சுரச் சுவடி பணிக்கும் இடம் வந்ததும், அவ்வளவு கருத்தோடு வளர்த்த நகமே அவருக்கு இடையூறாகிறது.

நகத்தை வெட்டி எறிந்தால் முடிந்தது என்று பிறர் எளிதிற் கூறிவிடலாம். கைவிரல் நகம் ஒரு திங்களில் வளர்வது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான். கிற்றார்க் கலைஞர் தம் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய நான்கின் நகங்களையும் சதையைக் கடந்து சிறிதளவு நீளவிட்டு, அரத்தால் வளைவு தீட்டி, மெல்லிய உரத்தாளால் விளிம்பை மெருகேற்றி வைத்திருப்பார். ஒரு நகம் கதவிடுக்கில் முறிந்தாலே பல நாட்களுக்கு அவர் வாசிப்பு ஊனமுறும். ஒரு மாலை நிகழ்ச்சியில் வயலின் வாசிப்பதற்காக நான்கு நகங்களையும் வெட்டுபவர், அதன் பின் சில வாரங்களுக்குத் தமது கிற்றார் ஒலியை இழக்கத் துணிய வேண்டும். ஆகவே, வெட்டாமலே தீர்வதற்கு வழியுண்டா என்ற வினா வெறும் சோம்பலிற் பிறந்தது அன்று.

இடக்கையைப் பொறுத்தமட்டில் எவ்விதப் பிணக்கும் இல்லை. வயலினாயினும் கிற்றாராயினும் இடக்கை விரல்கள் தந்தியை விரற்பலகையில் அழுத்துபவை. அவற்றுக்கு நகம் ஒட்ட வெட்டியே இருத்தல் வேண்டும். சிக்கல் முழுவதும் வலக்கையைச் சேர்ந்தது.

வயலினை விரலால் தெறித்து வாசிக்கும் முறைக்குப் ‘பிற்சிக்காற்றோ’ என்பது பெயர். கிள்ளுதல் என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழியாக வந்தது அது. இம்முறை வயலினோடு உடன்பிறந்தது அன்று. வில்லுக்கென்றே அமைந்த கருவியில் இடையிலே புகுந்தது. இத்தாலிய இசையாசிரியர் மொன்தெவேர்டி, தங்கிரேதி, குளோரிந்தா ஆகிய இருவரின் போரைப் பொருளாகக் கொண்டு அமைத்த இசைநாடகம் 1624 இல் வெனிஸ் நகரிலே நிகழ்த்தப்பட்டு, 1638 இல் அச்சேறியது. அதில் வாட்போர் முற்றும் ஓரிடத்தில் வில்லை விட்டுவிட்டு இரு விரல்களால் தந்தியைத் தெறிக்குமாறு அவர் குறித்துள்ளார். அக்காலத்து வயலின் வாசிப்போர்க்கு அது புதுமையாக இருந்தமையாற்றான் இத்துணை விளக்கமாக எழுதவேண்டியிருந்தது போலும்.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது அடுத்த சான்று. 1627 இல் ஜேர்மனியின் டிறெஸ்டன் அரசவையைச் சார்ந்திருந்த கார்லோ பரீனா என்னும் இத்தாலிய வயலின் கலைஞர் விசித்திரமான இசையுரு ஒன்றை வெளியிட்டார். கோழி, நாய், பூனை ஆகியவற்றின் குரல்களையும், படைமுரசையும், குழலையும் வயலின் குடும்பக் கருவிகளாலேயே போலச்செய்து காட்டும் வேடிக்கை அது. அதில் ஸ்பானியக் கிற்றாரைப் போலச்செய்யும் பகுதி ஒன்றும் உண்டு. அவ்விடத்தில் வயலினைத் தோளினின்று இறக்கி, கிற்றாரைப் போலவே கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு விரலால் மீட்ட வேண்டும். எனவே, வயலினைத் தெறிப்பதென்பது தொடக்க காலத்திலேயே கிற்றாரைக் கண் முன் நிறுத்தி எழுந்த வழக்கங்களுள் ஒன்று. கிற்றார் விரல் வயலினுக்கு முற்றும் அந்நியம் என்று தள்ளிவிடுதல் இயலாது.

ஆனால் எந்த விரல், விரலின் எந்தப் பகுதி என்ற கேள்வி பின்னரே எழுந்தது. புகழ்பெற்ற மொசாற்றின் தந்தையாராகிய லெயோப்போல்ட் மொசாற், தம் மைந்தர் பிறந்த 1756 ஆம் ஆண்டிலேயே வயலின் பயிற்சிநூல் ஒன்றை வெளியிட்டார். பிற்சிக்காற்றோவுக்கு அவர் தரும் அறிவுரை சுருக்கமானது. ஆயினும் ஆசிரியத் தொழிலில் ஊறியவரின் கூர்மை அதில் தெரிகிறது. தந்தியை அடியிலிருந்து மேல்நோக்கிப் பற்றி இழுத்தலாகாது. இழுத்தால் அது மீளும்போது விரற்பலகையில் மோதிச் சலசலக்கும். பக்கவாட்டிலேயே தெறித்தல் வேண்டும் என்கிறார். பெருவிரலை விரற்பலகையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு சுட்டுவிரல் நுனியால் தெறிக்கச் சொல்கிறார். சிலர் எப்போதும் பெருவிரலாலேயே தெறிக்கின்றனர், அது நன்றன்று. பெருவிரலில் சதை மிகுதியாதலால் அது தந்தியின் ஒலியை மழுக்கிவிடும் என்பதும் அவர் கருத்து. மிகுந்த சதை ஒலியை மழுக்கும் என்று அவர் தம் செவியாற் கண்டதன் காரணத்தைப் பின்வந்த அறிவியலாளர் விளக்கினர்.

தெறிக்கப்பட்ட தந்தி ஒரே ஒலியை மட்டும் எழுப்புவதில்லை. அடிப்படைச் சுரத்தோடு, அதைப் போல் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு விரைவுடைய மேற்றொனிகளும் கூடவே பிறக்கின்றன. இவற்றின் கலவை எப்படியோ அப்படியே ஒலியின் பண்பும் அமையும். மேற்றொனிகள் மிக்கிருப்பின் ஒலி கூர்மையாகவும் ஒளியுடையதாகவும் தோன்றும். குறைந்திருப்பின் திரண்டும் மென்மையாகவும் தோன்றும். தந்தியை எந்தப் புள்ளியிலே தெறிக்கின்றோமோ அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்றொனிகள் எழமாட்டா என்பதை ஆங்கில அறிஞர் தோமஸ் யங் 1800 இல் எடுத்துக் காட்டினார். சரி நடுவிலே தெறித்தால் இரண்டாம், நான்காம், ஆறாம் பகுதிச் சுரங்கள் ஒழிந்து போகின்றன. அதனாலேயே நடுவிலே தெறித்த ஒலி உருண்டையாகவும், குதிரைக்கு அருகே தெறித்த ஒலி கறாராகவும் கேட்கிறது. 1863 இல் வெளிவந்த ஒலியுணர்ச்சி பற்றிய பெருநூலில் ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் மேலும் ஒரு படி சென்றார். கூரிய வன்பொருளால் தெறிக்கும்போது தந்தி ஒரு கூர்முனையாக வளைந்து விடுபடுவதால் உயர்ந்த மேற்றொனிகள் மிகுதியாகப் பிறக்கும். மென்மையும் அகலமும் உடைய விரலால் தெறிக்கும்போது அம்முனை மழுங்கி வளைவாகி, அவை குறையும் என்று அவர் விளக்கினார். நகத்துக்கும் சதைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

இனி இரு கருவிகளையும் அளந்து பார்த்தல் வேண்டும். கிற்றாரில் குதிரையிலிருந்து மேற்பாலம் வரை அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 650 மில்லிமீற்றர். வயலினில் ஏறத்தாழ 328 மில்லிமீற்றர், அஃதாவது சரிபாதி. விரல்நுனிச் சதை தந்தியில் 10 மில்லிமீற்றர் அளவு படிவதாகக் கொண்டால், கிற்றார்த் தந்தியில் அது 65 இல் ஒரு பங்கு. வயலின் தந்தியிலோ 33 இல் ஒரு பங்கு. இடக்கை விரல் ஒரு தாயி மேலே அழுத்தியிருப்பின் 16 இல் ஒரு பங்காகவே ஆகிவிடும். ஒரே விரல் சிறிய தந்தியில் பெரிய விரலாகி விடுகிறது. இவ்வளவில் நிறுத்தினால், வயலினுக்குத்தான் நகம் மிகுதியும் தேவை என்ற முடிபுக்கு ஒருவர் வந்துவிடக் கூடும். கிற்றார்ப் பயிற்சியில் தேர்ந்த பலர் முதலில் எண்ணுவதும் அதுவே. ஆயின் செவி அதை ஏற்பதில்லை. அதற்குக் காரணம் தந்தியின் நீளத்தில் அன்றி, ஒலி நிலைக்கும் காலத்தில் இருக்கிறது.

கிற்றாரில் இடக்கை விரல் தந்தியை அழுத்தினாலும், தந்தி வந்து தங்குமிடம் உலோக மெட்டு. வீணையிலும் அவ்வாறே. மெட்டின் வன்மையான விளிம்பு அதிர்வை உண்பதில்லை. ஆதலால் மேற்றொனிகளும் சிறிது நேரம் உயிர்வாழ்கின்றன; சுரம் சில நொடிகள் ஒலித்து மெல்லத் தேய்கிறது. வயலினில் மெட்டு இல்லை. அழுத்தும் விரலின் சதையே தந்தியின் முடிவிடம். அது உயர்ந்த மேற்றொனிகளைப் பிறந்த மாத்திரத்தே உறிஞ்சிவிடுகிறது. மேலும், வயலினின் குதிரையும் மேற்பலகையும் வில் இடைவிடாது ஊட்டும் ஆற்றலை உடனுக்குடன் வெளியே அள்ளி வீசுவதற்கென அமைந்தவை. ஒரு முறை தெறித்து விட்டதோடு ஆற்றல் ஊட்டுதல் நின்றுவிடுமாயின், இருந்ததை அவை விரைவிலேயே செலவிட்டு விடுகின்றன. எனவே வயலினின் பிற்சிக்காற்றோ கணப்பொழுதில் அடங்கும்.

நகம் தந்தியை விட்டு நழுவும்போது ‘டிக்’ என்ற ஒரு சிற்றொலி எழுகின்றது. கிற்றாரில் அதன் பின் நீண்டொலிக்கும் சுரம் அதை மூடி மறைக்கிறது. செவியும் அதை மன்னித்து விடுகிறது. அதுமட்டுமன்று, சொல்லின் முதலில் வரும் வல்லெழுத்துப் போலச் சுரத்துக்கு அது ஒரு தெளிவையும் தருகிறது. வயலினிலோ பின்வரும் சுரம் மிகக் குறுகியது. மெய்யெழுத்து நின்று, உயிரெழுத்து மறைந்த சொல்லாகி விடுகின்றது அது. நகத்தால் எழுந்த கூர்மை தொடக்கத்திலேயே தெறித்து ஓய்ந்து, எஞ்சுவது மெலிந்த ஒரு தட்டல் மட்டுமே. சதையால் தெறிக்கும்போது சிற்றொலி குறைந்து, உள்ள சிறிது நேரத்திலும் சுரத்தின் உடல் கேட்கிறது. வயலின் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சதையையே வற்புறுத்தி வந்ததன் நியாயம் இதுதான்.

கிற்றார் உலகில் இவ்வழக்கு இவ்வளவு எளிதாகத் தீரவில்லை. கிற்றாருக்கு மூத்த உறவாகிய லூட் என்னும் கருவியிலேயே அது தொடங்கிவிட்டது. 1623 இல் பொலோஞா நகரில் நூல் வெளியிட்ட பிச்சினீனி, விரல் நகங்கள் சதையைச் சிறிதே கடந்து முட்டை வடிவில் இருத்தல் வேண்டுமென்றார். 1676 இல் ஆங்கிலேயராகிய தோமஸ் மேஸ் அதை மறுத்தார். விரல்நுனிச் சதை தரும் இனிமையை நகம் தரமாட்டாது என்பது அவர் துணிபு. பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டத்தில் வேண்டுமாயின் நகம் பொருந்தும். அங்கே மென்மை எப்படியும் கூட்டத்தில் தொலைந்து போவதே. தனியே வாசிக்கும்போது சதையே வேண்டும் என்று அவர் ஒரு சலுகையும் காட்டினார். வயலினைப் பொறுத்தமட்டில் இச்சலுகை தலைகீழாகிவிடும் என்பதைப் பின்னர்க் காணலாம்.

19 ஆம் நூற்றாண்டில் இரு ஸ்பானியர் இவ்வழக்கின் இரு பக்கத்தும் நின்றனர். பெர்னாண்டோ சோர், 1830 இல் பரிஸ் நகரில் வெளிவந்த தம் பயிற்சிநூலில், நகத்தால் வாசிப்போரின் இசை தமக்குப் பொறுக்கவொண்ணாதது என்று எழுதினார். ஒருவருக்கு மட்டும் விலக்களித்தார். அவர் தியோனிசியோ அகுவாடோ. அகுவாடோ நகத்தால் வாசித்தவர். சோரின் நெருங்கிய நண்பர். சோரின் வாசிப்பைக் கேட்ட பின் தம் பெருவிரலில் மட்டும் நகத்தைக் கைவிட்டதாகவும், அதனால் மகிழ்ச்சியே அடைந்ததாகவும் அகுவாடோ 1843 ஆம் ஆண்டுப் பயிற்சிநூலிலே எழுதியிருக்கிறார். தாமும் அவரும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே சோர் ‘இரு நண்பர்கள்’ என்ற இரட்டைக் கிற்றார் உருப்படியை அமைத்தார். ஒருவர் நகம், மற்றவர் சதை. தமிழ்ப் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஐரோப்பாவில் கிடைத்தல் அரிது.

பின்வந்த தாரெகா தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் நகத்தைத் துறந்தார். அவர் மாணவருள் ஒருவராகிய எமிலியோ புஜோல் அவ்வழியே நின்று, இவ்விடயம் பற்றித் தனி நூலே எழுதினார். ஆயினும் 20 ஆம் நூற்றாண்டில் வென்றது நகம். பெரிய அரங்குகளில் பின்வரிசை வரை கேட்குமாறு கிற்றாரை வாசித்துக் காட்டிய செகோவியா நகத்தையும் சதையையும் சேர்த்தே ஆண்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆட்டுக்குடல் நரம்புக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அதன் பின் நியூயோர்க் நகரில் அல்பேட் அகுஸ்தீன் என்பவர் ஆக்கிய நைலோன் தந்திகளைச் செகோவியா ஏற்றுக்கொண்டார். குடல் நரம்பு நகம் பட்டுப் பட்டுச் சிலும்பும். நைலோன் வழவழப்பானது, நகத்தை நன்கு தாங்கும். இன்று செந்நெறிக் கிற்றார் வாசிப்போருள் மிகப் பெரும்பாலோர் நகம் வளர்ப்பவரே.

வீணையிசையில் தோய்ந்த செவிகளுக்கு இச்செய்திகள் புதியன அல்ல. வீணைக் கலைஞரிலும் தம் நகத்தாலேயே மீட்டுவோர் உண்டு. கம்பியால் ஆன மீட்டியை விரலில் அணிவோரும் உண்டு. எது சிறந்தது என்ற விவாதமும் உண்டு. ஆனால் அருகில் இருந்து சுருதி கூட்டும் தம்புராவை எவரும் நகத்தால் மீட்டுவதில்லை. விரலின் சதை தந்தியை வருடிச் செல்லவேண்டும். ஒரே மேடையில், ஒன்றுக்கு நகம், மற்றொன்றுக்குச் சதை என்று வழக்கு வகுத்துத் தந்திருக்கிறது.

வயலினைக் கையிலெடுக்கும் கிற்றார்க் கலைஞருக்கு நேரும் இன்னல்களுள் ஒலியின் மெலிவு ஒன்றே அன்று. வயலினின் மிக உயர்ந்த தந்தி பெரும்பாலும் உருக்கினால் ஆனது. ஏனையவற்றின்மேலும் உலோக நாடா சுற்றப்பட்டிருக்கும். குடல் நரம்புக் காலம் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே உயர்தந்தியைப் பொறுத்தமட்டில் மறையத் தொடங்கியது. மயிர் போன்று மெல்லிய அவ்வுருக்குக் கம்பி நகத்தின் விளிம்பைச் சிறிது சிறிதாக அறுத்து, மெருகேற்றிய வளைவில் ஒரு பள்ளத்தை உண்டாக்கி விடுகிறது. அந்தப் பள்ளம் மறுநாள் நைலோன் தந்தியில் சிக்கிக் கரகரக்கும். ஒரு கருவிக்கு இழைத்த தீங்கு மற்றக் கருவியில் வெளிப்படுகின்றது.

வில்லைப் பிடிக்கும் முறையும் குறுக்கே நிற்கிறது. வில்லின் அடிக்கட்டைக்கு அருகே வளைந்து நின்று வில்லைத் தாங்குவது பெருவிரல் நுனி. அதன் நகம் நீண்டிருந்தால், பெருவிரல் வளைய வேண்டிய அளவுக்கு வளையாது. நகம் வில்தண்டில் முட்டும். விறைத்த பெருவிரலோடு வாசிப்பவரின் மணிக்கட்டும் விறைக்கும். வில்லின் ஓட்டமும் கெடும். எனவே பெருவிரல் நகமே நான்கிலும் மிகப் பெரிய பகைவன். அகுவாடோ தம் கிற்றார் ஒலியின் நன்மைக்காகவே பெருவிரல் நகத்தைத் துறந்தார் என்பதை இங்கு நினைத்தல் தகும். இரு கருவிகளையும் விடமாட்டேன் என்பவர் முதலிலே கைவிடத்தக்கது அந்த ஒரு நகத்தையே. அதனால் கிற்றாரின் கீழ்த்தந்திகளுக்குச் சிறிது தெளிவு குறையும். ஆனால் திண்மை கூடும். எஞ்சிய மூன்று நகங்கள் வில்பிடிக்கு அவ்வளவாக ஊறு செய்வதில்லை.

அடுத்தது, தெறிக்கும் விரலின் கோணம். கிற்றாரில் விரல் தந்திக்கு ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. தந்தி முதலில் சதையைத் தொட்டு, அதன்மேல் வழுக்கி, நகத்தின் ஓரத்தால் விடுபடுகிறது. நல்ல கிற்றார் ஒலியின் மறைபொருள் இந்தச் சிறு பயணத்தில்தான் இருக்கிறது. வயலினில் அப்பயணத்தைப் பாதியிலேயே முடிக்கப் பழகவேண்டும். சுட்டுவிரலை மடக்கி நுனியால் கொக்கி போல் மாட்டாமல், நீட்டிச் சாய்த்து, தந்தியின் போக்கை ஒட்டி ஏறக்குறையப் படுக்கவைத்து, மேற்கணுவின் உட்பக்கச் சதையால் பக்கவாட்டில் வருடி எடுத்தல் வேண்டும். அப்போது நகம் தந்திக்கு மேலே வானத்தில் நிற்கும், தந்தியைத் தொடாது. முன்னர்க் கூறியபடி, அகன்று படியும் சதை ஒலியைச் சற்று மழுக்கத்தான் செய்யும். ஆனால் தெறிக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் ஈடாகிவிடும். விரைந்த பகுதிகளில் படுக்கைவாட்டு விரல் சற்றுத் தாமதிக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை. சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனி 1878 இல் அரங்கேறியது. அதன் மூன்றாம் பகுதியில் தந்திக் கருவிகள் யாவும் தொடக்கமுதல் முடிவுவரை வில்லைத் தொடாமல் விரலாலேயே விரைந்து வாசிக்கின்றன. அத்தகைய இடத்தில் நீண்ட நகத்தோடு அமர்ந்திருப்பவர் தம் தெரிவை நொந்துகொள்ளவே நேரும்.

தெறிக்கும் இடத்தையும் மாற்றிக்கொள்ளலாம். வயலின் விரற்பலகையின் முடிவு குதிரையிலிருந்து சுமார் 60 மில்லிமீற்றர் தொலைவில் இருக்கிறது. அதனையும் கடந்து, விரற்பலகையின் மேலேயே தந்தியின் நடுப்பகுதியை நோக்கிச் சிறிது உள்ளே சென்று தெறித்தால், யங் கண்ட விதியின்படி மேற்றொனிகள் பல ஒழிந்து, நகம் சிறிது பட்டாலும் ஒலி உருண்டு வரும். குதிரைக்கு அருகே தெறிப்பதை வேறொரு காரணத்துக்காகவும் விலக்குதல் நன்று. வில் உராயும் அவ்விடத்தில் குங்கிலியத் தூள் படிந்திருக்கும். விரல் பட்டால் தூள் விரலில் ஒட்டும்; விரலின் எண்ணெய் தந்தியில் ஒட்டும்; பின்னர் வில் அவ்விடத்தில் வழுக்கும்.

தனித்து வாசிப்பவர் இவற்றுள் எதையும் தம் சுவைக்கேற்ப ஏற்கலாம், தள்ளலாம். நகத்தின் கூர்மையே வேண்டுமென்று அவர் கருதினால் தடுப்பார் இல்லை. 20 ஆம் நூற்றாண்டின் இசையாசிரியர் சிலர் நகத்தால் தெறிக்குமாறே எழுதியும் இருக்கின்றனர். லெயோப்போல்ட் மொசாற் குற்றமெனக் கடிந்த சலசலப்பையே ஹங்கேரிய நாட்டு பார்ட்டோக் தம் 1928 ஆம் ஆண்டு நால்வர் இசையில் குணமாக்கிக் கொண்டார். தந்தியை மேல்நோக்கி இழுத்து விரற்பலகையில் மோதவிடும் முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் பல்லியக் குழுவில் பதினாறு வயலின்கள் ஒன்றாகத் தெறிக்கும்போது, பதினைந்து சதையும் ஒரு நகமும் சேர்ந்தால், கேட்போர் செவியில் விழுவது அந்த ஒரு நகமே. தோமஸ் மேஸ் கூட்டத்தில் நகத்துக்கு இடந்தந்தார். வயலின் கூட்டத்திலோ நகத்துக்கு அறவே இடமில்லை. குழுத்தலைவர் பின்வரிசையைத் திரும்பிப் பார்ப்பது நிச்சயம்.

இரு கருவிகளையும் ஒருங்கே ஆண்ட பெருங்கலைஞர் ஒருவரைக் குறிப்பிடாமல் இப்பொருளை முடித்தல் இயலாது. 1782 இல் ஜெனோவாவிற் பிறந்த பகானினி வயலின் மன்னராகவே அறியப்பட்டாலும், கிற்றாரையும் வாழ்நாள் முழுவதும் வாசித்தார். வயலினும் கிற்றாரும் சேர்ந்தொலிக்கும் உருப்படிகள் பலவற்றை இயற்றினார். அவர் கைப்பட்ட கிற்றார் ஒன்று, பின்னர் இசையாசிரியர் பேர்லியோஸ் கைக்கு மாறி, இருவர் கையொப்பத்தோடும் பரிஸ் இசைக் காட்சிச்சாலையிற் பேணப்படுகிறது. 1820 இல் அச்சான அவருடைய இருபத்துநான்கு வயலின் தனியுருக்களுள் இறுதியானதில், ஒன்பதாவது மாறுபாடு முழுவதும் வில்லின் தட்டலும் இடக்கை விரலின் தெறிப்பும் மாறிமாறி வருவது. அங்கே தந்தியைக் கிள்ளுவது நகம் ஒட்ட வெட்டிய இடக்கை. வலக்கை வில்லை விடுவதே இல்லை. நீண்ட நகம் உடையவர்க்கும் இல்லாதவர்க்கும் அவ்விடம் ஒரே அளவு கடினமாக இருப்பது ஓர் ஆறுதல்.

கிற்றாரின் வாசனை வயலின் கூட்டத்தில் மிகுதியும் வீசும் இடம் வேறொன்று உண்டு. ஆங்கில இசையாசிரியர் எல்கார் தாமே வயலின் வாசித்தவர். அவருடைய வயலின் கொன்சேர்ட்டோ 1910 நவம்பர் 10 ஆம் நாள் இலண்டன் நகரில் கிறைஸ்லரின் வாசிப்பில், எல்காரே குழுவை நடத்த, அரங்கேறியது. அதன் மூன்றாம் பகுதியில் தனிக்கலைஞர் பழைய நினைவுகளில் ஆழ்ந்தாற்போல வாசித்துக்கொண்டிருக்க, குழுவின் தந்திக் கருவிகள் அடியிலே நடுங்கும் ஒரு முணுமுணுப்பை எழுப்புகின்றன. விரல்கள் தந்திகளின் குறுக்கே முன்னும் பின்னும் விரைந்து வருடும் வருடல் அது. பார்ப்பவர் கிற்றார் வாசிப்பு என்றே எண்ணுவர். கிற்றாரில் அத்தகைய வருடலுக்கு நகத்தின் புறத்தை வீசுவது வழக்கம். கிற்றார்க் கலைஞரின் கை தன்னையறியாமலே அதற்கு எழும். எல்கார் அதனை முன்கூட்டியே உணர்ந்தார் போலும். மூன்று அல்லது நான்கு விரல்களின் மென்மையான பகுதியால் வருடவேண்டும் என்று சுரச் சுவடியிலேயே எழுதி வைத்தார். நீண்ட நகத்தோடு பின்வரிசையில் இருப்பவர் அவ்விடத்தில் வில்லைக் கீழே வைத்து, விரல்களை நீட்டி, உட்புறச் சதை தந்திகளின்மேல் தட்டையாகப் படியுமாறு கையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். நகங்கள் தந்திகளுக்கு மேலே, எதையும் தொடாமல் அசைந்துகொண்டிருக்கும்.